அம்மாவுக்குப் புரியுற மொழியில ஒரு பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க வாசகர் கடிதம் பகுதியில ஒரு பெரியவர் எழுதியிருந்தார், 40 புள்ளைங்க இருக்கிற கிளாஸ்ல படிக்கக் கஷ்டப்படுற ஒரே ஒரு புள்ளைக்காக டீச்சர் தனியா திட்டம் போட்டு நடத்திக்கிட்டு இருந்தா மத்த 39 பேர் படிப்பு என்னாகுறது, அந்த மாதிரி புள்ளைங்களுக்குன்னுதான் தனி ஸ்கூல் இருக்கேன்னு. ரிட்டையர்டு ஆசிரியர்னு போட்டிருந்தாங்க. அய்யா மேல எனக்கு மரியாதை இருக்கு, அவர் கேட்டது கெட்ட மனசுல கேட்ட கேள்வியும் இல்ல, ஒரு வருஷம் முன்னாடி இதே கேள்விய என்கிட்ட கேட்டிருந்தா நானும் ஆமான்னு தலையாட்டியிருப்பேன். இப்ப முடியல, ஏன் முடியலன்னு சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாயிடுச்சு, முழுசா போட்டா சந்தோஷம்.

நான் தாராவியில பிறந்து வளர்ந்தவ. தாத்தா திருநெல்வேலிப் பக்கத்துலேருந்து தோல் கம்பெனி வேலைக்கு வந்தவர், அப்பா காலத்துல கோலி, அதாவது நாங்க குடியிருக்கிற அறை, சொந்தமாச்சு, நான் முனிசிபல் தமிழ் ஸ்கூல்ல 7 வரைக்கும் படிச்சிட்டு அப்புறம் இங்கிலீஷ் மீடியம் மாறி தட்டுத்தடுமாறி டிகிரி முடிச்சேன். இப்ப பி.எட். ரெண்டாவது வருஷம். 2014ல வந்த விதிப்படி பி.எட். ரெண்டு வருஷ கோர்ஸ் ஆனதுலேருந்து 20 வாரம் இன்டெர்ன்ஷிப்னு ஸ்கூல்ல போய் இருக்கணும், அதுல பெரும்பகுதி ரெண்டாவது வருஷத்துலதான் வரும். எனக்குக் கிடைச்சது தமிழ் மீடியம் முனிசிபல் ஸ்கூல், மத்தியான ஷிப்ட், 6ம் வகுப்பு. மும்பை மாநகராட்சி 8 மொழியில ஸ்கூல் நடத்துதுன்னு வெளியூர் ஆளுங்ககிட்ட சொன்னா நம்ப மாட்டாங்க, ஆனா நம்ம ஏரியாவுல ஒரே கட்டடத்துல ஒரு மாடி தமிழ், ஒரு மாடி மராத்தி, இன்னொரு மாடி உருதுன்னு இருக்கிறது சாதாரண விஷயம்.

அந்த கிளாஸ்ல ஒரு பையன். பேர் எழுத மாட்டேன். அவங்க அப்பா சைக்கிள்ல இட்லி விக்கிறவர், காலைல இருட்டோட கிளம்பி மாட்டுங்கா, தாதர் பக்கமெல்லாம் சுத்திட்டு 10 மணிக்கு மேல திரும்புவார். லீவு நாள்ல பையனும் கூடப் போவான், எந்த பில்டிங்ல யார் எத்தனை பிளேட் வாங்கினாங்க, யார் காசு நாளைக்குத் தர்றேன்னு சொன்னாங்க எல்லாம் அவன் வாயில இருக்கும், ஒரு சீட்டு கிடையாது. இதே பையன் 6ம் வகுப்புக் கணக்குப் புத்தகத்துல ஒரு வாக்கியக் கணக்கைக் குடுத்தா பென்சில கடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பான். கணக்கு வராம இல்ல, அந்த வாக்கியத்தைப் படிச்சு முடிக்க முடியல. நான் போன முதல் நாளே கிளாஸ்ல இருந்த புள்ளைங்க என்கிட்ட வந்து, மிஸ் அவன கேக்காதீங்க அவனுக்கு வராதுன்னு சொல்லிட்டாங்க. அவனும் அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தான், அவன் மூஞ்சில கோவமோ அழுகையோ எதுவும் இல்ல, அதுதான் எனக்கு ராத்திரி தூக்கம் வராம பண்ணுச்சு.

காலேஜ்ல எங்களுக்கு உள்ளடக்கிய கல்வின்னு ஒரு பேப்பர் உண்டு, தனி உதவி தேவைப்படுற புள்ளைங்களையும் எல்லாரோடயும் ஒரே கிளாஸ்ல வச்சு சொல்லிக்குடுக்கிறது பத்தி. அதுல ஐ.இ.பி., அதாவது தனிநபர் கல்வித் திட்டம் பத்தி படிச்சிருக்கேன், பரீட்சையில 10 மார்க்குக்கு எழுதியும் இருக்கேன். அமெரிக்காவுல 1975ல சட்டம் போட்டு ஆரம்பிச்சது, தனிப்பட்ட உதவி தேவைப்படுற ஒவ்வொரு புள்ளைக்கும் எழுத்துல ஒரு திட்டம் இருக்கணும், புள்ள இப்ப எந்த நிலைமையில இருக்கு, ஒரு வருஷத்துல எங்க போகணும், அதுக்கு யார் என்ன உதவி செய்யணும், முன்னேற்றத்த எப்படி அளக்கிறது, இது எல்லாம் அதுல வரணும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது உக்காந்து பாக்கணும், முக்கியமா அந்தக் கூட்டத்துல பெத்தவங்களும் ஒரு உறுப்பினர். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனா இன்டெர்ன்ஷிப்ல ஒரு ஐ.இ.பி. தயார் பண்ணி ஜர்னல்ல, அதாவது காலேஜ்ல காட்டுற ரெக்கார்டு நோட்டுல, வைக்கணும்னு சொன்னப்ப நான் என்ன செஞ்சேன்னா சீனியர் அக்கா ஒருத்தங்ககிட்ட பழைய ஃபைல் வாங்கி, பேர மாத்தி, வயசு மாத்தி, படிப்புத் திறனை மேம்படுத்துதல், எழுத்துத் திறனை மேம்படுத்துதல்னு அப்படியே இங்கிலீஷ்ல காப்பி பண்ணிட்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்யுறாங்க. இத ஒத்துக்கிறதுல எனக்கு வெட்கம்தான், ஆனா நான் மறைச்சா இந்தக் கடிதத்துல அர்த்தமே இல்ல.

வாரம் ஒரு நாள் அந்த ஸ்கூலுக்கு ஒரு ஸ்பெஷல் எஜுகேட்டர், அதாவது இந்த மாதிரி புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கன்னே பயிற்சி எடுத்த டீச்சர், வருவாங்க, இன்னும் பல ஸ்கூலுக்கும் அவங்கதான். மராத்திக்காரம்மா, 50 வயசுக்கு மேல இருக்கும், நான் தாய்னு கூப்பிடுவேன், மராத்தியில தாய்னா அக்கா. என் திட்டத்தை வாங்கிப் படிச்சிட்டு அவங்க திட்டல, ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, இந்தப் பேப்பர்ல இருக்கிற பையன நான் ரோட்டுல பாத்தா அடையாளம் கண்டுபிடிக்க முடியுமான்னு. முடியாது. அது எந்தப் பையனாவும் இருக்கலாம். போய் அவன்கூட மூணு நாள் உக்காரு, எழுதாத, பாரு மட்டும்னு அனுப்பிட்டாங்க.

மூணு நாள் இல்ல, ஒரு வாரம் உக்காந்தேன். 2ம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்துலேருந்து ஒரு பக்கம் எடுத்துக் குடுத்து ஒரு நிமிஷம் படிக்கச் சொல்லி சரியா படிச்ச வார்த்தைய எண்ணுறது, தாய் சொல்லிக்குடுத்த முறை. முதல் நாள் 11 வார்த்தை. ஆனா எண்ணிக்கைய விட அவன் எங்க நிக்கிறான்னு பாக்கிறதுதான் விஷயமே. நிறைய நேரம் அவன் நின்னது கொம்புலதான். நம்ம எழுத்துல யோசிச்சுப் பாருங்க, கெ, கே, கை எழுதுறப்ப கொம்பு முன்னாடி நிக்குது, ஆனா சத்தத்துல அது எழுத்துக்கு அப்புறம்தான் வருது, கொ, கோன்னு வந்தா எழுத்துக்கு ரெண்டு பக்கமும் ஆள் நிக்குது. நமக்கெல்லாம் சின்ன வயசுலயே பழகிப்போனதால கண்ணுக்கே தெரியறதில்ல. அவனுக்கு முதல்ல வர்றத முதல்ல படிக்கணும்னு தோணுது, கொம்பைப் பாத்ததும் என்ன சத்தம்னு தேடுறான், அதுக்குள்ள அடுத்த எழுத்து வந்துருது, பழைய எழுத்து மறந்துருது. இதோட மராத்தியும் இந்தியும் ஒரு எழுத்து, இங்கிலீஷ் ஒரு எழுத்து, ஆக மூணு விதமான எழுத்து அந்தத் தலையில. மராத்தியில சின்ன இகரத்துக்குப் போடுற வேலாண்டியும் எழுத்துக்கு முன்னாடிதான் நிக்குது, அங்கயும் இதே எடத்துல இதே மாதிரி நின்னான். அங்க ka, kha, ga, ghaன்னு ஒவ்வொரு சத்தத்துக்கும் தனித்தனி எழுத்து, நமக்கு ஒரே க, அது காக்காவுல ஒரு மாதிரி, தங்கத்துல ஒரு மாதிரி, அகத்துல ஒரு மாதிரி. ண, ன, ந குழப்பமும் ல, ள, ழ குழப்பமும் கிளாஸ்ல பாதிப் பேருக்கு இருக்கு, அதனால அத நான் பெரிசா எடுத்துக்கல, ஆனா கொம்பு அவனுக்கு மட்டும்தான்.

இது தெரிஞ்சப்புறம்தான் திட்டம்னா என்னன்னு புரிஞ்சுச்சு. படிப்புத் திறனை மேம்படுத்துதல்னு எழுதுறதுக்கும், கொம்பு வர்ற எழுத்த 10 தடவை காட்டினா 8 தடவை நிக்காம சொல்லணும், இத்தனை வாரத்துக்குள்ள, தினமும் இந்த நேரத்துல இவங்க சொல்லிக்குடுப்பாங்கன்னு எழுதுறதுக்கும் எவ்வளவு தூரம்! கொம்பையும் எழுத்தையும் ஒரே கலர்ல எழுதி ஒரே தட்டுல ஒட்டி, ரெண்டையும் சேத்து ஒரே உருவமா காட்டினோம். ஒரு தட்டுல ரவைய பரப்பி அதுல விரலால எழுதிக்கிட்டே சத்தமா சொல்லச் சொன்னோம். கண்ணு, காது, கை மூணையும் சேத்து சொல்லிக்குடுக்கிற இந்த முறைக்கு வெளிநாட்டுல பெரிய பேர் இருக்கு, ஆனா எங்க பாட்டி இதைப் பாத்திருந்தா திண்ணைப் பள்ளிக்கூடத்துல மணல்ல எழுதினதுதானேன்னு சொல்லியிருப்பாங்க. பலம்னு ஒரு கட்டம் இருக்கும் அந்த ஃபாரத்துல, பழைய ஃபைல்ல எல்லாம் நல்ல பழக்கம், கீழ்ப்படிதல்னு எழுதி வச்சிருப்பாங்க, நான் அதுல இட்லி கணக்கு எழுதினேன். வாக்கியக் கணக்கை யாராவது வாசிச்சுக் காட்டினா அவன் மனசுலயே விடை சொல்றான்னு எழுதினேன். அப்ப கணக்குப் பாடத்துல அவனுக்குத் தேவை ஒரு வாசிச்சுக் காட்டுற ஆள், அவ்வளவுதான், கணக்கைக் குறைக்க வேண்டியதே இல்ல. பாடத்தைக் குறைக்கிறது வேற, பாடத்துக்குப் போற வழிய மாத்திக் குடுக்கிறது வேறன்னு புத்தகத்துல படிச்சது அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுச்சு.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன்.

திட்டம் ரெடியானதும் பையனோட அம்மாவ ஸ்கூலுக்குக் கூப்பிட்டாங்க. பெத்தவங்களும் கலந்துக்கணும்கிறது முறை, அதனால கூப்பிட்டாங்க. 4 பக்கம் இங்கிலீஷ், நடுவுல நடுவுல ஆபீஸ் மராத்தி. தாய்க்குத் தமிழ் தெரியாது, பையனோட அம்மா, அந்த அக்காவுக்கு மராத்தி கடைத்தெருவுல பேசுற அளவுக்குத் தெரியும், நான் மூலையில ஸ்டூல்ல உக்காந்திருக்கேன், பெரியவங்க பேசுறப்ப டிரெய்னி வாயத் தொறக்கக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டு. 10 நிமிஷத்துல முடிஞ்சுச்சு. இங்க சைன் பண்ணுங்கன்னு காட்டினாங்க, அக்கா தமிழ்ல கையெழுத்துப் போட்டாங்க, அழகான கையெழுத்து. நானும் கூடவே எந்திரிச்சுப் போனேன், மாடிப்படியில நின்னு என் கையப் புடிச்சுக்கிட்டு கேட்டாங்க:

"ஏம்மா டீச்சர், எம்புள்ளைக்கு டி.சி. குடுத்து அனுப்பப் போறாங்களா? சைன் போட்டது அதுக்குத்தானா?"

ஆசிரியர் அவர்களே, அந்த அம்மா தன் புள்ளைய ஸ்கூல விட்டு அனுப்புறாங்கன்னு நெனச்சுக்கிட்டேதான் கையெழுத்துப் போட்டிருக்காங்க. எதுத்து ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா என்ன மொழியில கேக்கிறது? ஒரு புள்ளைக்கு உதவி செய்யறதுக்காக எழுதின பேப்பர், அந்தப் புள்ளைய ஒதுக்குற பேப்பரா அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு, நான் 6 அடி தள்ளி உக்காந்திருந்தேன், அந்த ரூம்ல அவங்களத் தவிர தமிழ் தெரிஞ்ச ஒரே ஆள் நான், வாயத் தொறக்கல.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து அந்த 4 பக்கத்தையும் ஒரே பக்கமா தமிழ்ல எழுதினேன். மொழிபெயர்ப்புன்னு சொல்ல மாட்டேன், எங்க தெருவுல பேசுற தமிழ்ல எழுதினேன். உங்க பையனுக்கு என்ன நல்லா வருது, எது கஷ்டமா இருக்கு, ஏன்னு நாங்க நெனைக்கிறோம், ஸ்கூல்ல என்ன செய்யுவோம், வீட்டுல என்ன செஞ்சா நல்லது, எப்ப திரும்ப உக்காந்து பேசுவோம், இவ்வளவுதான். மறுநாள் காலைல ஷிப்ட்டுக்கு முன்னாடி 90 அடி ரோட்டுக்கு உள்ள அவங்க வீட்டுக்குப் போனேன். அந்த அக்கா ஊர்ல 5 வரைக்கும் படிச்சவங்களாம், பேப்பர வாங்கி அவங்களே சத்தமா படிச்சாங்க, நிதானமா, ஒரு வார்த்தை விடாம. படிச்சிட்டு அவங்க முதல்ல சொன்னது நன்றி இல்ல, இது நடக்காதுன்னாங்க!

நான் எழுதியிருந்தது தினமும் சாயங்காலம் 7 மணிக்கு 20 நிமிஷம் வீட்டுல வாசிப்பு. அவங்க சொன்னாங்க, 7 மணிக்குத்தான் கிரைண்டர் ஓடும், 10 மணி வரைக்கும் ஓடும், நாம இப்ப பேசுறதே கேக்காது, புள்ள எப்படிப் படிக்கும்? இவங்க அப்பா கிளம்பினப்புறம் காலைல 8 மணிக்கு வீடு அமைதியா இருக்கும், நான் சட்னிக்கு தேங்கா கீறிட்டு இருப்பேன், அப்ப எனக்குப் படிச்சுக் காட்டட்டும், எனக்குத் தமிழ் தெரியும்ல தப்பா படிச்சா சொல்லிடுவேன்னாங்க. அப்புறம் இன்னொண்ணும் சொன்னாங்க, அவன் சின்னப்புள்ளையில பேசுறதே லேட்டு, 3 வயசுக்கு மேலதான் பேசினான், காதுல சீழ் வந்து ரொம்ப நாள் மருந்து ஊத்தினோம்னு. இது எந்த ஃபாரத்துலயும் இல்ல. யாரும் கேக்கல. புள்ளைக்குப் படிக்கக் கஷ்டமா இருந்தா முதல்ல கண்ணையும் காதையும் டெஸ்ட் பண்ணிடணும்னு எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு, எனக்கும் தெரியும், ஆனா அது நடந்தது அந்த அம்மா வாயத் தொறந்ததுக்கு அப்புறம்தான். அவங்க வாயத் தொறந்தது பேப்பர் தமிழ்ல இருந்ததாலதான்.

இத இன்னும் யாரும் சரியா புரிஞ்சுக்கலன்னு எனக்குத் தோணுது. பெத்தவங்கள கூட்டத்துல உக்கார வைக்கிறது அவங்கள சந்தோஷப்படுத்துறதுக்கு இல்ல, அவங்களுக்குத் தெரிஞ்சது வேற யாருக்கும் தெரியாது.

புள்ளைக்குக் கற்றல் குறைபாடு, அதாவது படிக்க, எழுத, கணக்குப் போட வர்ற தனிக் கஷ்டம், இருக்குன்னு குடுக்கிற சர்டிபிகேட் விஷயத்தையும் சொல்லணும், ஏன்னா நம்ம ஆளுங்க நிறைய பேர் சர்டிபிகேட் வந்தாத்தான் ஏதாவது செய்ய முடியும்னு காத்திருக்காங்க. 1995ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 7 வகைதான், அதுல கற்றல் குறைபாடு கிடையாது. 2016ல வந்த புதுச் சட்டம் அத 21 வகையாக்குச்சு, அதுல இது இருக்கு, 2017 ஏப்ரல்லேருந்து அமல்ல இருக்கு. அதே சட்டத்தோட 16வது பிரிவு கற்றல் குறைபாட்டை முடிஞ்ச அளவு சீக்கிரம் கண்டுபிடிச்சு அதுக்குத் தகுந்த மாதிரி சொல்லிக்குடுக்கணும்னும், தேவையான உதவிய ஒவ்வொரு புள்ளைக்கும் தனியாவோ வேற விதமாவோ குடுக்கணும்னும் ஸ்கூல் மேலயே பொறுப்பு வைக்குது. இதுல எங்கயும் முதல்ல சர்டிபிகேட் கொண்டா அப்புறம் சொல்லித்தர்றேன்னு இல்ல. சர்டிபிகேட் வேணும்கிறது பரீட்சைச் சலுகைக்கு, அரசு உதவிக்கு. மத்திய அரசோட வழிமுறைப்படி எழுத்துத் தேர்வுல மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரம், 3 மணி நேரப் பரீட்சைன்னா 4 மணி நேரம், அந்த மாதிரி விஷயத்துக்கு அது வேணும், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா ரவையில கொம்பு எழுதிப் பழக யார் சர்டிபிகேட்டும் தேவையில்ல.

டெஸ்ட்டுலயும் நம்ம புள்ளைங்களுக்குன்னு ஒரு தனிக் கஷ்டம் இருக்கு. புள்ளை எந்த மொழியில படிக்குதோ அந்த மொழியில டெஸ்ட் பண்ணணும்கிறது அடிப்படை. மானேசர்ல இருக்கிற தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்திய மொழிகளுக்குன்னே டிஸ்லெக்சியாவுக்கு, அதாவது வாசிக்கிறதுல வர்ற கற்றல் குறைபாட்டுக்கு, ஒரு டெஸ்ட் உருவாக்குச்சு, முதல்ல வந்தது இந்தி, மராத்தி, கன்னடம், இங்கிலீஷ். மராத்திப் புள்ளைக்கு மராத்தியில பாக்கலாம். இந்தப் பையன கூட்டிக்கிட்டு நாங்க ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனப்ப அங்க இந்தியிலயா மராத்தியிலயான்னு கேட்டாங்க, ரெண்டுமே அவனுக்கு 2வது 3வது மொழி, அதுல தடுமாறினா அது டிஸ்லெக்சியாவா மொழி தெரியாததா எப்படிப் பிரிக்கிறது? அவங்க மேல நான் குத்தம் சொல்லல, தமிழ் தெரிஞ்ச ஆள் அங்க இல்ல. மும்பையில இத்தனை தமிழ் டாக்டருங்க, சைக்காலஜி படிச்ச இத்தனை புள்ளைங்க இருக்கோம், மாசத்துக்கு ஒரு நாள் யாராவது ஒருத்தர் போய் உக்கார முடியாதா?

இனி பெரியவர் கேட்ட 39 பேருக்கு வர்றேன். முதல்ல ஒண்ணு, 6லேருந்து 8 வரைக்கும் 35 புள்ளைக்கு ஒரு டீச்சர்னு கல்வி உரிமைச் சட்டம் சொல்லுது, அப்ப 40 பேர் இருக்கிறதே டீச்சருக்கும் புள்ளைங்களுக்கும் நடக்கிற அநியாயம்தான், அதுக்கான பழிய அந்த ஒரு புள்ள தலையில போடக் கூடாது. ரெண்டாவது, ஸ்பெஷல் எஜுகேட்டர் விஷயத்துல சுப்ரீம் கோர்ட் 2021ல தீர்ப்பு சொல்லி, அதுக்கப்புறம் மத்திய அரசு போட்ட கணக்குப்படி ஆரம்ப வகுப்புல இந்த மாதிரி 10 புள்ளைக்கு ஒருத்தர், மேல் வகுப்புல 15 புள்ளைக்கு ஒருத்தர் இருக்கணும். அது முழுசா நடந்தா நான் தாய்னு கூப்பிடுற அந்த மராத்திக்காரம்மா மாதிரி ஆளுங்க ஒரு பையோட ஸ்கூல் ஸ்கூலா அலைய வேண்டியதில்ல. மூணாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியம், அந்த ஒரு பையனுக்காகச் செஞ்சது கிளாஸ் முழுக்கப் போச்சு. வாக்கியக் கணக்கை நான் சத்தமா வாசிச்சதுக்கப்புறம் இன்னும் 7, 8 கை தூக்குச்சு, அவங்களும் படிக்கத்தான் கஷ்டப்பட்டுக்கிட்டு இருந்திருக்காங்க, சொல்லல. கொம்பு எழுத்து அட்டைய வச்சு எல்லாரும் விளையாடுனாங்க. பாடம் நடத்துறப்ப நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு அடியா சொல்லப் பழகினதால என் லெசன் மார்க்கே கூடுச்சு.

தனி ஸ்கூல் வேண்டியதே இல்லன்னு நான் சொல்ல வரல, சில புள்ளைங்களுக்கு அதுதான் பொருத்தம், பெத்தவங்க அதத் தேர்ந்தெடுக்கவும் சட்டத்துல உரிமை இருக்கு. ஆனா கொம்புல தடுக்கி நிக்கிற ஒரு பையன தனி ஸ்கூலுக்கு அனுப்புறதுன்னா எங்க அனுப்புறது? தமிழ்ல சொல்லிக்குடுக்கிற அப்படி ஒரு தனி ஸ்கூல் நான் மும்பையில பாத்ததில்ல. ஸ்கூல விட்டா அவனுக்கு இட்லிக் கூடைதான். அந்தத் தொழில் கேவலம்னு சொல்லல, அந்தத் தொழில்தான் அவன் குடும்பத்துக்குச் சோறு போடுது, ஆனா அத அவனா தேர்ந்தெடுக்கணும், படிக்க வராதுன்னு ஒருத்தர் சொன்னதால போகக் கூடாது.

நான் கிளம்புறப்ப அந்தப் பையன் அதே 2ம் வகுப்புப் பக்கத்துல ஒரு நிமிஷத்துக்கு 29 வார்த்தை படிச்சான். 6ம் வகுப்புக்கு இது ரொம்பக் கம்மின்னு எனக்குத் தெரியும், பெரிய வெற்றி மாதிரி எழுதினா அது பொய். சில நாள் அட்டைய தூக்கி எறிஞ்சான், ஒரு வாரம் முழுக்க வரவே இல்ல, மழைத் தண்ணி வீட்டுக்குள்ள வந்துடுச்சு. ஆனா இப்ப வரி நடுவுல கொம்பு வந்தா ஒரு விரல அதுக்குக் கீழ வச்சு பக்கத்து எழுத்தையும் பாத்துட்டு அப்புறம் சொல்றான், யாரும் சொல்லாமலே. காலைல 8 மணி வாசிப்பு இன்னும் நடக்குதாம்.

எனக்குக் கவலை என்னன்னா நான் டிரெய்னி, 16 வாரத்துல கிளம்பி வந்துட்டேன், அடுத்து வர்ற ஆளுக்கு அவன் மறுபடியும் மிஸ் அவன கேக்காதீங்கதான். அதனால பி.எட். காலேஜ் நடத்துறவங்ககிட்ட என்னோட கோரிக்கை, ஐ.இ.பி.ய ஜர்னல்ல வைக்கிற பேப்பரா வைக்காதீங்க, ஒரு டிரெய்னி ஒரு புள்ளைய முழு இன்டெர்ன்ஷிப்பும் பின்தொடரட்டும், கிளம்புறப்ப அடுத்த வருஷம் வர்ற டிரெய்னிகிட்ட நேர்ல உக்காந்து ஒப்படைக்கட்டும், அதுக்கு மார்க் குடுங்க. திட்டம் எழுதுறவங்க வீட்டுக்கு ஒரு தடவை கண்டிப்பா போகணும், கிரைண்டர் எப்ப ஓடுதுன்னு ஸ்டாப் ரூம்ல உக்காந்தா தெரியாது.

ஸ்கூல் நிர்வாகத்துக்கு ஒண்ணே ஒண்ணுதான். ஃபைல் எந்த மொழியில வேணா இருக்கட்டும், பீரோவுல இருக்கட்டும், ஆனா அம்மா கையில ஒரு பக்கம் அவங்க மொழியில குடுங்க, அத அவங்க படிச்சு, மாத்தச் சொன்னா மாத்தினப்புறம் கையெழுத்து வாங்குங்க. 8 மொழியில ஸ்கூல் நடத்துற ஊர்ல இது முடியாத காரியமே இல்ல, தமிழ் மாடிக்குத் தமிழ்ல, உருது மாடிக்கு உருதுல.

நம்ம தமிழ்ச் சங்கங்களுக்கும் உங்க பத்திரிகை மூலமா கேக்கிறேன். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துறீங்க, நல்லது, அதோட ஸ்கூல்ல இந்தத் திட்டம் பத்தின கூட்டம் நடக்கிற நாள்ல பெத்தவங்க பக்கத்துல தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் உக்காரணும், அதுக்கு ஆள் அனுப்புங்க. ரிட்டையர்டு ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்காங்க. போன வாரம் கடிதம் எழுதின அய்யாவும் வரணும்னு மனசாரக் கேக்கிறேன், 30, 40 வருஷம் கிளாஸ்ல நின்னவருக்கு எந்தப் புள்ள எந்த எழுத்துல நிக்குதுன்னு என்னை விடச் சீக்கிரமா தெரியும்.

அந்த ஒரு பக்கத்தோட மாதிரிய, பையன் பேரும் அடையாளமும் எடுத்துட்டு, இந்தக் கடிதத்தோட வச்சு அனுப்பியிருக்கேன். எடம் இருந்தா போடுங்க, யாராவது டீச்சர் வெட்டி எடுத்து வச்சுக்கிட்டு அதுல வேற ஒரு புள்ளைக்கு எழுதுவாங்க. அதுல சாயங்காலம் 7 மணின்னு எழுதி அடிச்சு பக்கத்துல காலை 8 மணின்னு இருக்கும், அது அந்த அக்காவோட கையெழுத்து, அத அப்படியே விட்டிருக்கேன், தயவுசெஞ்சு திருத்தாம போடுங்க.

இப்படிக்கு,
பி.எட். இரண்டாம் வருஷ மாணவி,
தாராவி, மும்பை